தொலைவில் வாங்கிய பழைய மெஷின் பழுதானால்?
ஆம்பூரின் சிறு ஷூ யூனிட் ஒன்று வெளிமாநிலத்திலிருந்து பழைய தையல் மெஷினை வரவழைக்கிறது. மோட்டார் ஓடவில்லை என்று வையுங்கள். நுகர்வோர் ஆணையம் கைகொடுக்குமா?

கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் 21 லட்சம் ரூபாய் விலையில் மெஷின் வாங்கிய மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், குறையுள்ளதென வழக்காடியது. அது புது மெஷின்தான். ஆனால் கேள்வி ஒன்றே. பெரிய அளவில் லாபத்துக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ அல்லர் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுயதொழிலால் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அப்படிச் சுயதொழிலால் பிழைப்பவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் ஊருக்கு அலையாமல் தன் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

மற்றவர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் துணை. நேரில் பாராமல் வாங்கியதைச் சோதிக்க அது நியாயமான அவகாசம் தருகிறது. பேசாமல் நாள் கடத்தினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். எனவே லாரியிலிருந்து இறக்கும்போதே வீடியோ எடுத்து, சீரியல் எண்ணைச் சரிபார்த்து, குறையை உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.