மரபுணவு என்பது எந்த அடுப்பின் மரபு?

காஞ்சிபுரம் இட்லியை இன்று சென்னை உணவகங்களில் எவரும் வாங்கி உண்ணலாம். அதன் பிறப்பிடம் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளி. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவற்றைச் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். சுவையான பண்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கோயிலில் சமைக்கும் உரிமை மரபாகப் பார்ப்பனப் பரிசாரகர்களுக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்துக்குப் பின் தலித் மக்கள் சன்னதிக்குள் நுழைந்து பிரசாதம் பெற முடிந்தது. அடுப்படியின் கதை வேறு.

அந்த இட்லிக்கான நெல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வயல்களில் பண்ணையாட்களாக உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் பறையர் சமூகத்தினர். குடியிருந்த மனைக்குக்கூட உரிமையின்றி அவர்கள் கடனில் கட்டுண்டு கிடந்ததை மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை அரசின் முன் வைத்தது. பஞ்சமி நில ஒதுக்கீடு அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பிறந்தது. நெல்லை விளைவித்தவர்கள் குடித்தது கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளக் கீரை, வயல் நண்டு, நத்தை. காஞ்சியின் மரபுணவு எது என்று கேட்டால் இவற்றை எவரும் சொல்வதில்லை.

மலையாளிகளின் மரபுணவு என்றாலும் அவியலும் ஓலனும் காளனும் நிறைந்த ஓண விருந்தின் வாழையிலையே நினைவுக்கு வருகிறது. அதே மண்ணில், நிலவுடைமையாளர் வீட்டு முற்றத்தில் குழி தோண்டி, அதில் இலையை விரித்துத்தான் புலையர் உழவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அதுவும் மலையாள உணவு வரலாறுதான். 1917இல் சகோதரன் அய்யப்பன் சேராயியில் நடத்திய மிசிரபோஜனத்தில் ஈழவர்களும் புலையர்களும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த எளிய கறியுமே அன்றைய உணவு. அதற்காக அய்யப்பனின் சொந்தச் சாதியினரே அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று இழித்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

நூறாண்டுகள் கடந்த பின்பும் சிக்கல் பண்டத்தில் இல்லை, சமைக்கும் கையில்தான் இருக்கிறது. 2018 சூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தனர். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அரசு வழங்கிய அதே பொருட்கள்தாம். அதிகாரிகள் முதலில் செய்தது, அவரை வேறிடத்துக்கு மாற்றியது. போராட்டம் வெடித்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, தடுத்தவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது.