வாடாமலர் மடல்



காலையில் மலர்ந்து மாலையில் வாடுவது பூவின் இயல்பு. அந்தப் பூவையே ஓர் அட்டையில் பதித்து, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம் என்றால் நம்புவீர்களா? மண்ணாடிப்பட்டில் கைவேலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அதைச் செய்து பார்த்தோம்.

எதற்காக என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பல்லாண்டுகள் தம் கையாலேயே நீர் ஊற்றி வளர்த்த சிஸ்டர் ஒருவர், முதுமையின் காரணமாக வெளியூர் மடத்துக்குச் சென்றுவிட்டார். இனி அவரால் இவ்வளவு தூரம் வர இயலாது. அவர் தோட்டத்துக்கு வர முடியாவிட்டால், தோட்டம் அவரிடம் போகட்டுமே என்று எண்ணினோம்.

முதலில் அவருக்குப் பிடித்த மல்லிகையையும் செம்பருத்தியையும் பறித்து, நோட்டுப் புத்தகங்களுக்கிடையே வைத்தோம். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது மல்லிகை பழுப்பேறிக் கிடந்தது. செம்பருத்தி சாறு கசிந்து தாளோடு ஒட்டிக்கொண்டது. சிலவற்றில் பூஞ்சணமும் படர்ந்திருந்தது. எங்கள் முகங்களும் வாடிவிட்டன!

காரணத்தை அறிவியல் ஆசிரியை விளக்கினார். அரிந்த கத்தரிக்காய் கறுப்பது ஏன்? காயிலுள்ள நொதிகள், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையால் நிறத்தை மாற்றுகின்றன. கசங்கிய பூவிலும் அதுவே நடக்கிறது. ஈரம் உள்ளவரை நொதியும் வேலை செய்யும், பூஞ்சணமும் வளரும். எனவே ஈரத்தை விரைவாகவும் கசங்காமலும் எடுப்பதே இக்கலையின் இரகசியம்.

பின்னர் மெல்லிய இதழுள்ள பூக்களைத் தேடினோம். காகிதப்பூ, சங்குப்பூ, கனகாம்பரம், கரும்பு வயல் வரப்பிலுள்ள துத்திப்பூ ஆகியவை உதவின. கிணற்றடிப் பெரணி இலையும் புல்லின் கதிரும் அழகு சேர்த்தன.

செய்முறை இதுதான். பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் பூக்களைப் பறிக்க வேண்டும். துத்தி மாலையில் மலர்வதால் அதை மாலையில்தான் பறிக்கலாம். மழை பெய்த நாளில் பறிக்கவே கூடாது. பழைய செய்தித்தாள்களின் நடுவே வெள்ளைத்தாளை விரித்து, பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது. மேலே ஒரு பலகையும், அதன்மேல் நான்கைந்து செங்கற்களும் வையுங்கள். முதல் நான்கு நாள்கள் நாள்தோறும் செய்தித்தாளை மாற்றுங்கள். பின்னர் இரண்டு நாளுக்கொரு முறை மாற்றினால் போதும். இரண்டு வாரத்தில் பூ காய்ந்துவிடும். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் மெல்ல ஒற்றிப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

அட்டைக்குப் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைத்தாள் ஏற்றது. மரக்கூழால் செய்யும் மலிவான தாளைப்போல அது விரைவில் மஞ்சளாகாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959-இல் தொடங்கப்பெற்றது. பூவிதழ் பதித்த தாள்களையும் அங்கே செய்கிறார்கள். தாளை 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமுமாக வெட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த பூ விரல் பட்டால் நொறுங்கும். ஆகவே மெல்லிய தூரிகையால் எடுத்து, ஈர்க்குச்சி நுனியில் தொட்ட கோந்தினால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஒட்டுங்கள். மேலே கண்ணாடித்தாள் போர்த்தி, உறையிலிட்டு அனுப்புங்கள். உறையில்லாமல் அனுப்பினால் அஞ்சல் முத்திரை பூவை நசுக்கிவிடும். வெயில் படாமல் வைத்தால் நிறம் நெடுநாள் நிற்கும்.

அஞ்சலட்டை உலகில் முதன்முதல் 1869-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி நாட்டில் வெளிவந்தது. இந்தியாவுக்கு 1879-இல் கால் அணா விலையில் வந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமுக்குச் சென்ற திருப்பயணிகள், புனித நாட்டுப் பூக்களை ஒட்டிய அட்டைகளை நினைவுப் பொருளாக வாங்கி வந்தனர். பூவை உலர்த்தும் இதே முறை அறிவியலுக்கும் உதவுகிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அவர்கள் 1967-இல் நிறுவிய ராபினட் உலர்தாவரக் காப்பகத்தில், செடிகளைத் தாள்களுக்கிடையே உலர்த்திப் பாதுகாக்கிறார்கள். இன்ன செடி, இன்ன ஊர், இன்ன நாள் என்று ஒவ்வொன்றிலும் எழுதி வைப்பது அத்தகைய காப்பகங்களின் வழக்கம். நாங்களும் ஒவ்வொரு மடலின் பின்புறமும் பூவின் பெயரையும் பறித்த நாளையும் எழுதினோம்.

பன்னிரண்டு மடல்கள் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து, நடுங்கும் எழுத்தில் சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. கிணற்றடிப் பெரணி இன்னும் இருக்கிறதா என்று மகிழ்ந்திருந்தார். காகிதப்பூக் கொடியைக் கவாத்து செய்யும்படி நினைவூட்டியிருந்தார். துத்தியைக் களை என்று எத்தனையோ முறை பிடுங்கி எறிந்தாராம். அது இத்தனை அழகு என்று இப்போதுதான் கண்டாராம். அக்கடிதத்தை வகுப்பில் படித்தபோது, முதலில் கெட்டுப்போன பூக்களுக்காக நாங்கள் வருந்தியதெல்லாம் மறந்துபோயிற்று.

தோழியரே, உங்கள் வீட்டு வேலியிலும் பூக்கள் உண்டு. உங்கள் மடலை எதிர்பார்க்கும் பாட்டியோ, தொலைவில் வேலை பார்க்கும் தந்தையோ இருக்கக்கூடும். பிறர் தோட்டத்துப் பூவைக் கேட்காமல் பறிக்காதீர்கள். ஒரு செடியிலுள்ள பூக்கள் அனைத்தையும் பறித்துவிடாதீர்கள். இரண்டு வாரப் பொறுமை இருந்தால் போதும், நீங்களும் வாடாமலர் மடல் அனுப்பலாம்.