கடைசி நிமிஷத்தில் ஓர் உதை!

மேட்ச் முடியப் போகிறது. எதிர் டீம் 7, உங்க டீம் 6. ஒரே ஓர் உதை பாக்கி. பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தால் 2 பாயின்ட். தேசிய சாம்பியன் பட்டம் உங்களுக்கு! தப்பினால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். உதைக்கப் போவது நீங்கள். வயசு 18.

கை காலெல்லாம் உதறுதா? ஏமே ஜிரால் என்ற பையன் இதே இடத்தில் நின்றான். உதைத்தான். பந்து உள்ளே போனது. 8-7!

நடந்தது 1914 மே 3-ம் தேதி, பிரான்ஸின் தூலூஸ் நகரத்தில். ரக்பி தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல். ஜிராலின் டீம், பெர்ப்பிஞான். எதிரே டார்ப் ஊர்க்காரர்கள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் அழுத்தினால் அதற்குப் பேர் 'ட்ரை'. இப்போது ஒரு ட்ரைக்கு 5 பாயின்ட், அந்தக் காலத்தில் வெறும் 3. இரண்டு ட்ரை போட்டும் பெர்ப்பிஞானுக்கு 6தான். மிச்சத்தை ஜிராலின் கால் கொண்டுவந்தது. ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கிற 'ப்ரென்னுஸ் கேடயம்' முதன்முறையாக பெர்ப்பிஞானுக்கு வண்டி ஏறியது. அந்தக் கேடயத்துக்கு டிசைன் போட்டவர் யார் தெரியுமா? நவீன ஒலிம்பிக்ஸைத் தொடங்கிவைத்தாரே, அதே கூபெர்தான்!

ஊர் எப்படி ஆடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆடித் தீர்க்க அவர்களுக்குக் கிடைத்தது சரியாக மூன்றே மாதம்.

ஆகஸ்ட் 3. பிரான்ஸ் மீது ஜெர்மனி போர் அறிவித்தது. கிரவுண்டில் ஓடிக்கொண்டிருந்த பசங்க வரிசையாக ராணுவ ரயிலில் ஏறினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில், நாட்டின் வடகிழக்கே மார்ன் வட்டாரப் போர்முனையில் ஜிரால் செத்துப்போனான். அந்த உதைக்கும் அவன் சாவுக்கும் நடுவில் பதினான்கே மாதம். அவன் மட்டுமில்லை. அன்றைக்குக் கேடயத்தைத் தூக்கிய டீமில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்தப் போரிலிருந்து திரும்பவே இல்லை.

போர் நடந்த வருஷங்களில் சாம்பியன்ஷிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக, இன்னும் ராணுவத்துக்கு அழைக்கப்படாத சின்னப் பசங்களை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். அதற்கு வைத்த பேர், 'நம்பிக்கைக் கோப்பை'. ஆட வந்த பசங்களுக்கு அடுத்த வருஷம் எங்கே போகப் போகிறோம் என்பது தெரிந்தே இருக்கும். கொஞ்சம் குரூரமான பேர்தான், இல்லையா?

போர் முடிந்தது. மிஞ்சியவர்கள் மறுபடி கூடி டீம் கட்டினார்கள். ஜெர்ஸிக்கு அவர்கள் எடுத்த கலர், வெளிர் நீலம். அழகுக்காக இல்லை. 1915 முதல் பிரெஞ்சு சிப்பாய்கள் போட்டிருந்த சீருடையின் நிறம் அது. செத்துப்போன தோழர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு கிரவுண்டில் இறங்கியது மாதிரி. அந்த நீலத்தோடு 1921-ல் மறுபடி சாம்பியன், 1925-ல் இன்னொரு தடவை. 1933-ல் உள்ளூரின் இன்னொரு கிளப்போடு சேர்ந்து 'யூசாப்' என்று புதுப் பேர் வந்தது. இன்றைக்கும் அதே பேர்தான்.

1940-ல் ஊரின் வடக்குப் பக்கம் முனிசிபல் ரக்பி ஸ்டேடியம் வந்தது. அரசியல் தலைவர் பேரோ, பணம் கொடுத்த பெரிய மனுஷர் பேரோ வைக்கவில்லை. 'ஸ்டேட் ஏமே ஜிரால்'. செத்து இருபத்தைந்து வருஷமான ஒரு பையனின் பேர். இதில் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1940-ல்தான் ஹிட்லர் படை பிரான்ஸை மண்டியிட வைத்தது. முதல் போரில் போனவனின் பேரை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது போர் வாசலுக்கு வந்துவிட்டது!

இங்கேதான் இன்னொரு ஆள் கதைக்குள் வருகிறார். ஜில்பேர் ப்ரூதுஸ். ரக்பி ஆடியவர், பெர்ப்பிஞானில் கோச்சாக இருந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பு வந்தபோது ரகசியமாக எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். கெஸ்டபோ பிடித்தது. சித்ரவதைக்குப் பிறகு 1944 மார்ச்சில் இறந்துபோனார். அதே மார்ச் மாதம் பாரீஸில் யூசாப், பயோன் டீமை 20-5 என்று அடித்துத் துவைத்து சாம்பியன் ஆனது. ஒரே ஊர், ஒரே மாசம்! கேடயத்தோடு திரும்பி வந்தவர்களை வரவேற்கப் போன கூட்டத்தில் எத்தனை பேர் மனசுக்குள் அழுதிருப்பார்கள்!

1962-ல் அதே ஊரில் இன்னொரு ஸ்டேடியம் திறந்தார்கள். அதற்கு ப்ரூதுஸின் பேர். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வசிக்கிற ஊரில் இரண்டு ரக்பி மைதானம், இரண்டு உலகப் போர், இரண்டு பேர்.

ஊருக்கு எதற்கு இரண்டு மைதானம் என்று கேட்பீர்கள். ரக்பியில் 15 பேர் ஆடுவது ஒரு வகை, 13 பேர் ஆடுவது இன்னொரு வகை. பார்க்க அண்ணன் தம்பி, பழக்கத்தில் பங்காளிச் சண்டை! பிரான்ஸில் 13 பேர் ஆட்டம் 1934-ல்தான் வேர்விட்டது. கூட்டம் அந்தப் பக்கம் சாய, பழைய ஆட்டக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். 1941 டிசம்பரில், ஜெர்மனிக்குத் தலையாட்டிய விஷி அரசு அந்த ஆட்டத்தையே தடை செய்து சொத்தையும் பறித்துக்கொண்டது. ஒரு விளையாட்டை அரசாங்கமே அழிக்கப் பார்த்த கதை உலகத்தில் அபூர்வம். ஆனால், அது அழியவில்லை. 13 பேர் ஆடும் 'கேட்டலன்ஸ் டிராகன்ஸ்' டீமின் வீடு இப்போது ப்ரூதுஸ் ஸ்டேடியம். 2018-ல் இங்கிலாந்தின் சேலஞ்ச் கோப்பையை ஜெயித்து வந்தார்கள். இங்கிலாந்துக்கு வெளியே போன முதல் சேலஞ்ச் கோப்பை அதுதான்.

ஜிரால் ஸ்டேடியத்துக்கே திரும்புவோம். சுமார் 14,500 பேர் கொள்ளும். ஐரோப்பிய லெவலில் அது ஒன்றும் பெரிசு இல்லை. ஆனால், சத்தம் இருக்கிறதே... செம! பெர்ப்பிஞான் 1659-ல் ஒப்பந்தப்படி ஸ்பெயினிடமிருந்து பிரான்ஸுக்குக் கைமாறிய கேட்டலன் ஊர். அதனால் காலரியெங்கும் கேட்டலன் கொடியின் சிவப்பும் மஞ்சளும்தான். எல்லோரும் எழுந்து பாடுகிற பாட்டும் பிரெஞ்சு இல்லை. 1968-ல், ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்டபோது, யுயிஸ் யாக் என்ற இளைஞர் எழுதிய 'எஸ்தாகா' என்ற கேட்டலன் பாட்டு. சர்வாதிகாரத்துக்கு எதிரான பாட்டை ரக்பி மேட்சில் பதினாலாயிரம் தொண்டைகள் பாடினால் எப்படி இருக்கும்!

2009-ல் யூசாப் க்ளெர்மோன் டீமை 22-13 என வென்று கேடயம் தூக்கியது. 1955-க்குப் பிறகு 54 வருஷக் காத்திருப்பு. பெரிய எதிர்பார்ப்போடு கூட்டி வந்த நியூஸிலாந்து ஸ்டார் டேன் கார்ட்டர், ஐந்தே மேட்சில் குதிகால் நரம்பு அறுந்து படுத்துவிட, அவர் இல்லாமலே ஜெயித்தார்கள் என்பது கூடுதல் மசாலா.

அப்புறம் சறுக்கல். 2014-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். 2018-ல் ஏற்றம், 2019-ல் மறுபடி இறக்கம், 2021-ல் மறுபடி ஏற்றம். 2025 ஜூனில் முதல் டிவிஷனில் தங்குவதா, கீழே போவதா என்று வாழ்வா சாவா மேட்ச் ஒன்று கிரனோபிளில் நடந்தது. யூசாப் தப்பித்தது. ஸ்கோர், 13-11.

வித்தியாசம் 2 பாயின்ட். ஜிராலின் ஓர் உதைக்குக் கிடைத்த அதே 2 பாயின்ட்!