முதியோர் இல்லம்: முகவரி மாறினால் கடமை மாறுமா?



 

மனிதன் பலவீனத்தில் தொடங்கிப் பலம் பெறுகிறான்; அதன் பிறகு மீண்டும் பலவீனமும் நரையும் அவனை வந்தடைகின்றன என்று அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் உணர்த்துகிறது. முதல் பலவீனத்தில் நம்மைத் தூக்கிச் சுமந்தவர்கள் நம் பெற்றோர். அவர்களுடைய இரண்டாம் பலவீனத்தில் சுமக்க வேண்டிய முறை நம்முடையது. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அந்தப் பெரியவர் நம் வீட்டில் இல்லாமல் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தால் என்ன செய்வது? இதைப் பற்றி நாம் மிம்பரில் பேசுவது குறைவு. பேசினாலும் கண்டித்து மட்டுமே பேசுகிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான்.

ஒரு ஜும்ஆவும் ஒரு பெரியவரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுபவர்களைக் கடுமையாகச் சாடினேன். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின், ஹவ்ளுக்கு அருகில் ஒரு பெரியவர் காத்திருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி மவ்த்தாகிவிட்டார். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். மகள் மட்டும் உள்ளூரில், கணவர் வீட்டாருடன் சிறிய வீட்டில் வாழ்கிறார்.

"ஹஜ்ரத், நான் ஊருக்கு வெளியே இருக்கும் இல்லத்துக்கு என் விருப்பத்தோடுதான் போனேன். மகள் வாரந்தோறும் பேரனை அழைத்து வருவாள். இரண்டு வாரத்துக்கு முன் நீங்கள் இதே விஷயத்தைத் தொட்டுப் பேசினீர்கள். அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் வருகிறாள். பேரன் விவரம் தெரியாமல் தெருவில் சொல்லிவிடுவான் என்று பயப்படுகிறாள்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அந்த வார்த்தைகள் என்னை அதிகம் வருத்தின. கல் நெஞ்சம் கொண்ட பிள்ளைகளைத் திருத்துவதாக எண்ணி நான் பேசினேன். அவர்கள் திருந்தினார்களா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால், ஒரு பாட்டனாரிடமிருந்து பேரனை என் பேச்சு பிரித்துவிட்டது. "மன்னித்துவிடுங்கள் சார்" என்றேன். அடுத்த வாரம் அந்த மகளின் வீட்டாரிடம் நானே சென்று பேசினேன்.

"உம்மிடத்தில்" என்ற சொல்

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் அவர்களிடம் 'சீ' என்றும் சொல்லக் கூடாது என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் தடுக்கிறது. அதில் 'இந்தக' என்றொரு சொல் வருகிறது. 'உம்மிடத்தில்' என்பது பொருள். முதுமை அவர்களை வந்தடையும்போது அவர்கள் உன் பொறுப்பில், உன் அருகில் இருக்கிறார்கள் என்பதை இச்சொல் உணர்த்துகிறது. வசதியிருந்தும், பராமரிக்க ஆளிருந்தும், தொந்தரவு எனக் கருதிப் பெற்றோரை வெளியே அனுப்புவது பெரும் பாவம் என்பதில் ஐயமில்லை. அதே சமயம், மருத்துவத் தேவையாலோ, பிள்ளைகள் இல்லாததாலோ, தம் விருப்பத்தாலோ ஒருவர் இல்லத்தில் வாழ நேர்ந்தால், அவர் மீதான கடமை அந்த வாசலில் முடிந்துவிடுவதில்லை. முகவரி மாறும், 'உம்மிடத்தில்' என்ற பொறுப்பு மாறாது.

தேடிச் செல்வது நபிவழி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சிறுவயதில் பராமரித்தவர் உம்மு ஐமன் (ரலி). அப்வாவில் தாயார் ஆமினா இறந்தபோது, அந்தச் சிறு பிள்ளையை மக்காவுக்கு அழைத்து வந்தவர் அவரே. அண்ணலார் (ஸல்) தம் வாழ்நாள் முழுவதும் அந்த மூதாட்டியைத் தேடிச் சென்று சந்தித்து வந்தார்கள். அண்ணலாரின் மறைவுக்குப் பின், அவர்கள் சந்தித்து வந்ததைப் போல நாமும் சென்று சந்திப்போம் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு சென்றதும், அங்கே மூவரும் சேர்ந்து அழுததும் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளன. ஒரு சமுதாயத்தின் தலைவர்கள், அதன் மிகக் கடினமான காலத்தில், தனித்திருந்த மூதாட்டியைக் காண நேரம் ஒதுக்கினார்கள்.

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் முதிர்ந்த தம் தந்தை அபூகுஹாஃபாவை அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) கூறியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. முதியவர் நம்மிடம் வரட்டும் என்று காத்திருப்பதல்ல, நாம் அவரிடம் செல்வதே பண்பாடு.

மறுபக்கம் பாருங்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே அண்ணலார் (ஸல்) தொழுகை நடத்தினார்கள். ஸஜ்தாவின்போது இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது. மஸ்ஜிதுந் நபவியில் பாட்டனாரும் பேத்தியும் ஒன்றாக இருந்தார்கள். இன்று நம் பள்ளிவாசல்களில் பிள்ளைகளைக் கடைசி ஸஃப்புக்கு விரட்டுகிறோம். பெரியவர்களைச் சுவரோர நாற்காலியில் ஒதுக்குகிறோம். இரு சாராரும் சந்திக்கும் இடமே இல்லாமல் போய்விட்டது.

உலகம் கண்ட சில வழிகள்

நெதர்லாந்து நாட்டின் தேவெந்தர் நகரில் ஹியூமானிடாஸ் என்றொரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே சுமார் 160 முதியவர்கள் வாழ்கிறார்கள். 2012ஆம் ஆண்டளவில் அந்நாட்டு அரசு முதியோர் இல்லங்களுக்கான உதவியைக் குறைத்தபோது, அங்கே சில அறைகள் காலியாயின. அதே ஊரில் கல்லூரி மாணவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடினார்கள். இல்லத்தார் மாணவர்கள் ஆறு பேருக்கு வாடகையின்றி அறை கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருக்க வேண்டும். மருந்து கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் அவர்கள் வேலையல்ல; அதற்குப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் உடன் அமர்ந்து உண்ண வேண்டும், பேச வேண்டும், கணினியில் கடிதம் அனுப்பக் கற்றுத்தர வேண்டும், உடல்நலம் குன்றியவரின் அருகில் இருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது மூஸா (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. அல்கஸஸ் அத்தியாயம் 23 முதல் 28 வரையிலான வசனங்களைப் பாருங்கள். மத்யனில் வயது முதிர்ந்த ஒரு தந்தை இருந்தார். ஆட்டு மந்தைக்கு நீர் புகட்டும் பாரம் அவருடைய மகள்கள் மீது விழுந்திருந்தது. நாடோடியாக வந்த இளைஞர் மூஸா (அலை) கூலி பேசாமல் நீர் இறைத்துக் கொடுத்தார். பெரியவர் அவருக்கு அபயம் அளித்தார். மகளை மணமுடித்து வைத்தார். எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் தம்மிடம் பணி செய்யுமாறு உடன்படிக்கை செய்துகொண்டார். இளைஞரிடம் உடல் பலம் இருந்தது, தங்க இடமில்லை. பெரியவரிடம் இடமும் அனுபவமும் இருந்தன. உடல் பலம் இல்லை. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்தார்கள். இதில் யார் கொடுத்தவர், யார் பெற்றவர் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் வழியில் நடக்கும் மவுண்ட் செயின்ட் வின்சென்ட் என்ற இல்லத்துக்குள்ளேயே 1991ஆம் ஆண்டு முதல் மழலையர் காப்பகம் ஒன்று இயங்குகிறது. ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் அங்கே வாழும் முதியோருடன் சேர்ந்து பாடுகிறார்கள், படம் வரைகிறார்கள், உணவுப் பொட்டலம் கட்டுகிறார்கள். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் 2017ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் முதியோருக்காக 104 வீடுகள் உள்ளன. அதே கட்டடத்தில் உணவங்காடியும், மருத்துவ நிலையமும், குழந்தைகள் காப்பகமும், மாடித் தோட்டமும் அமைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளையைக் காப்பகத்தில் விட வரும் இளம் பெற்றோர், முதியோரைக் கடந்துதான் போக வேண்டும். 'கம்போங்' என்றால் மலாய் மொழியில் கிராமம். கிராமத்துத் திண்ணையில் இயல்பாக நடந்த சந்திப்பைக் கட்டடத்துக்குள் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள்.

இவை ஏன் பயன் தருகின்றன?

இவ்விடங்களிலிருந்து நாம் மூன்று செய்திகளை விளங்கிக்கொள்ளலாம்.

ஒன்று, தொடர்ச்சி. பெருநாளன்று ஒரு குழுவாகச் சென்று ரொட்டியும் பழமும் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புவது உறவாகாது. ஒரே முகம், ஒரே நாளில், மீண்டும் மீண்டும் வர வேண்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழி இதற்கும் பொருந்தும்.

இரண்டு, பரிமாற்றம். பெறுபவராக மட்டுமே ஒருவரை நடத்தினால் அவர் மனம் சுருங்கிவிடும். அவரிடமிருந்து நாமும் எதையாவது பெற வேண்டும். கதையோ, கைத்தொழிலோ, ஓதும் முறையோ, ஒரு துஆவோ போதும்.

மூன்று, மரணத்தை மறைக்காமை. முதியோருடன் பழகும் பிள்ளைகள், ஒருநாள் அந்தக் கட்டில் காலியாக இருப்பதைக் காண்பார்கள். பிள்ளை கலங்குமே என்று நாம் அஞ்சுகிறோம். மையித்தைக் கண்டதில்லை, கப்ருஸ்தானுக்கு வந்ததில்லை என்று வளரும் தலைமுறை, இழப்பு வரும்போது நிலைகுலைந்துவிடுகிறது. அன்போடு அருகிலிருந்து விளக்கினால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

சட்டம் செல்லும் தூரம்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். தமிழகத்தில் 100 பேரில் சுமார் 10 பேர் அவ்வயதினர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரி தீர்ப்பாயத்தை அணுகலாம். அச்சட்டம் 'பிள்ளைகள்' என்பதில் வயது வந்த பேரன், பேத்தியையும் சேர்த்துச் சொல்கிறது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டுச் சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், அந்தச் சொத்து மாற்றத்தை ரத்து செய்யவும் வழியுண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்றும் கூறுகிறது.

சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும், கூரையைத் தரும். பேரனின் கையைப் பிடித்துப் பாட்டனாரின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்த அதனால் இயலாது. அது நம் வேலை.

மஹல்லா செய்ய வேண்டியவை

அந்த ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்ட பின், மத்ரஸா மாணவர்கள் மூவரை அழைத்துக்கொண்டு அவருடைய இல்லத்துக்குச் சென்றேன். முதல் நாள் அவர்களுக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். ஆசிரியர்தான் தொடங்கினார். ஒரு மாணவனின் நோட்டை வாங்கிப் பார்த்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். மறுவாரம் அவன் நானழைக்காமலே இன்னொரு நோட்டுடன் வந்தான். யாஸீன் ஓதிக் காட்ட மாணவர்கள் சென்றார்கள். தமிழ் இலக்கணம் கற்றுத் திரும்பினார்கள். மகளும் பேரனை மீண்டும் அழைத்து வரத் தொடங்கினார்.

எனவே ஜமாஅத்தார்களுக்குச் சில வேண்டுகோள்கள். முதலில், உங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்களில் யார் இல்லங்களில் வாழ்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களின் பெயர் ஜமாஅத் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடக் கூடாது. வர இயன்றவர்களை ஜும்ஆவுக்கு அழைத்து வர ஒரு வாகனம் ஏற்பாடு செய்யுங்கள். கிப்லா திசையை அறையில் குறித்துக் கொடுங்கள். அமர்ந்தோ படுத்தோ தொழும் முறையையும் தயம்மும் சட்டத்தையும் இமாம்கள் நேரில் சென்று விளக்குங்கள். ரமளானில் ஒரு நாளேனும் அங்கேயே இஃப்தார் நடத்தி, பிள்ளைகளுடன் செல்லுங்கள். அங்கிருக்கும் பிற சமயப் பெரியவர்களையும் அந்த விரிப்பில் அமர்த்துங்கள். அவர்களும் ஒரே கூரையின் கீழுள்ள அண்டை வீட்டார்தாம்.

வெளிநாட்டில் இருக்கும் மக்களே! நீங்கள் அனுப்பும் பணம் கடமையின் ஒரு பகுதி மட்டுமே. குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பேச வையுங்கள். அத்தாவையும் அம்மாவையும் இல்லத்தில் வைத்திருப்பவர்களே! வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். செல்வதில் வெட்கமில்லை, செல்லாமலிருப்பதுதான் வெட்கம்.

அந்த ஆசிரியர் சென்ற ஆண்டு மவ்த்தானார். மகன்களால் உரிய நேரத்தில் வந்து சேர முடியவில்லை. ஜனாஸாவின் முதல் ஸஃப்பில் அவருடைய பேரனும், பக்கத்தில் அந்த மூன்று மாணவர்களும் நின்றார்கள். அந்த மிம்பரில் இன்றும் நான் பெற்றோர் கடமையைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால், ஹவ்ளுக்கு அருகில் யாரேனும் காத்திருப்பார்களோ என்று எண்ணிப் பார்த்த பிறகே பேசுகிறேன்.

சிறியோர் மீது இரக்கம் காட்டாதவரும் பெரியோரை மதிக்காதவரும் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற நபிமொழியின் எச்சரிக்கையிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! நம் பெற்றோர் எங்கிருந்தாலும் அவர்களுக்குக் கண்குளிர்ச்சியாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்குவானாக! ஆமீன்.