பவுடர் உள்ளே, பயறு வெளியே

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. நிறுவனங்கள் வந்த பிறகு சத்தி ரோட்டை ஒட்டி விடுதிகள் பெருகின. அவற்றின் பின்னாலேயே ஜிம்களும் வந்தன. காலையில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், மதியம் முட்டை வெள்ளைக்கரு, இரவில் கிரில் சிக்கன் என்று நாளை ஓட்டும் இளைஞர்கள் இங்கே நிறையப் பேர். சோற்றைக் குறைப்பதில் தவறில்லை. சோற்றோடு பருப்பு, பொரியல், கீரையும் தட்டைவிட்டுப் போய்விடுவதுதான் சிக்கல்.

பெருங்குடலில் நடப்பது

உண்ட புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். புரதம் கூடக் கூட அந்த மிச்சமும் கூடும். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் தேடுவது நார்ச்சத்தை. அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான்.

நார்ச்சத்து கிடைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் புரதத்தில் கைவைக்கும். அப்போது அமோனியா, பாரா-கிரெசால், ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். பிரியும் காற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது இந்தக் கடைசி ஆளின் வேலை. அறைத்தோழர்கள் சிரிப்பார்கள், ஆனால் இவை அளவு மீறினால் உட்சுவரைப் பாதிக்கக்கூடியவை.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிறுவனம், உடல் பருமனான 17 ஆண்களுக்குப் புரதத்தைக் கூட்டி, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்த உணவை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தது. பியூட்டிரேட் சரிந்தது, புற்றுநோயோடு தொடர்புடைய நைட்ரோசோ சேர்மங்கள் கூடின. முடிவு 2011இல் வெளியானது.

பவுடர் குடித்தால் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. இறைச்சி விஷயத்தில்தான் சான்று வலுவானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. ஆடு, மாட்டு இறைச்சி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பதப்படுத்தாத கோழியும் மீனும் இந்தப் பட்டியலில் இல்லை.

எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். எடை தூக்குபவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். அதற்கும் பவுடரை நம்ப வேண்டாம் என்றே 2024இல் வந்த ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டி சொல்கிறது.

கொள்ளு இருக்கும் ஊரில்

100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. நார்ச்சத்தும் கூடவே வரும். பெரும்பாலான பவுடர் டப்பாக்களில் இந்த ஜோடி அமைவதில்லை. கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, அரிசிம்பருப்புச் சாதத்தோடு ஒரு பொரியல் என்று கொங்கு வீட்டுச் சாப்பாடு பெருங்குடலுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. கோழிக்குழம்பை விட வேண்டியதில்லை; பக்கத்தில் அவரைக்காய் இருக்கட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பழக்கமில்லாதவர்கள் பயறைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகத் தின்றால் வயிறு ஊதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால், மூலம்தான் என்று நீங்களாக முடிவுகட்டி மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். வயது இருபத்தைந்தானாலும் மருத்துவரைப் பாருங்கள்.