நெற்றியில் தட்டி வழி சொல்லும் ஹெல்மெட்

புகை மண்டிய கட்டடத்துக்குள் நுழையும் தீயணைப்பு வீரருக்குக் கண் உதவாது. தீயின் இரைச்சலில் காதும் பாதிதான் கேட்கும். சுவரைத் தடவியபடி போவதால் கையும் சும்மா இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவர்களுக்காக ஒரு மாதிரி ஹெல்மெட்டை உருவாக்கினார்கள். வெளியே சுற்றிலும் அல்ட்ராசவுண்ட் சென்சார்கள். உள்ளே நெற்றியைத் தொட்டபடி குட்டி மோட்டார்கள். இடப்பக்கம் சுவர் நெருங்கினால் நெற்றியின் இடப்பக்கம் அதிரும். எலி இருட்டில் மீசையால் துழாவி வழி கண்டுபிடிப்பதை ஆராய்ந்துவந்த குழு அது; யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

செல்போன் மோட்டாரை அப்படியே தொப்பிக்குள் ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. கைக்கு இதமான அந்த அதிர்வு, தலையில் பட்டதும் சத்தமாகிவிடுகிறது. நொடிக்கு நூற்றைம்பது, இருநூறு முறை துடிக்கும் மோட்டாரை மண்டையோட்டில் வைத்தால் எலும்பு வழியாக அது உள்காதை எட்டி 'ங்ங்' என்று ரீங்கரிக்கும். எலும்புவழி ஹெட்போன் வேலை செய்வதே இப்படித்தான். வாக்கிடாக்கியில் உத்தரவு கேட்க வேண்டியவருக்கு இது பெரிய தொல்லை. அதனால்தான் தலைக்கென்று வரும்போது மெதுவான, தாழ்ந்த அதிர்வுகளைத் தேடுகிறார்கள்.

மோட்டார்களை நெருக்கி அடுக்குவதிலும் லாபமில்லை. விரல்நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் தொட்டாலே இரண்டு புள்ளிகள் என்று தெரியும். நெற்றியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால்தான் தெரியும். உச்சந்தலைக்கு உணர்வு இன்னும் மட்டு. நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை ஆகியவைதான் நல்ல இடங்கள்.

இன்னொரு சிக்கல், தலை திரும்பிக்கொண்டே இருப்பது. தடையைக் காட்டும் ஹெல்மெட்டில் சென்சாரும் மோட்டாரும் சேர்ந்தே திரும்புவதால் பிரச்சினை இல்லை. ஆனால் 'வெளியேறும் வாசல் வடக்கே' என்று சொல்ல வேண்டுமானால், அணிந்தவர் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதிர்வு வேறு இடத்துக்கு நகர வேண்டும். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கருவி விடாமல் கண்காணித்தாக வேண்டும். மோட்டார்களை இடுப்புப் பட்டையில் வைத்தால் இந்தத் தலைவலி குறைவு. இடுப்பு பெரும்பாலும் நடக்கும் திசையைத்தான் பார்க்கும்.

விளையாட்டுக்கென்றால் கதை வேறு. சோனி 2023-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட்டில் இருப்பது ஒரே மோட்டார். நாடித்துடிப்பு ஏறுவதையும் ஏதாவது தலையை உரசிப் போவதையும் உணர்த்த அது போதும். திசை காட்ட அது போதாது. விளையாட்டில் திசையைக் கண்ணும் காதும் பார்த்துக்கொள்கின்றன. தீயணைப்பு ஹெல்மெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஹெல்மெட் சற்றுத் தளர்ந்தால் மோட்டார் தோலைத் தொடாமல் வெறுமனே சுழலும். இறுக்கிக் கட்டினால் நெற்றி வலிக்கும்.