கச்சான் வீசும் மாதங்களில்

ஆனி, ஆடி மாதங்களில் ராஜபாளையத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலையுச்சியில் கருமேகம் அப்பிக் கிடக்கும். ஊருக்குள் வருவதோ காற்றும் கொஞ்சம் சாரலும்தான். கேரளப் பக்கம் மலையேறும்போதே குளிர்ந்து நீரையெல்லாம் கொட்டிவிட்ட காற்று அது. இந்தப் பக்கம் இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் சூடேறிக் காய்ந்துவிடுகிறது.

இதே காற்றுதான் கிழக்கே போய்க் கடலில் இறங்குகிறது. கரையோர மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள்.

அலை உயர வேண்டுமென்றால் காற்று வலுவாக இருந்தால் போதாது; தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடிவர வேண்டும். அரபிக்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து மேற்குக் கரையில் அது மோதும்போது கொச்சி, கோவா கடல்கள் கொந்தளிக்கின்றன. நாகப்பட்டினத்திலோ அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையை ஒட்டி அலையெழுப்ப அதற்கு ஓட்டம் போதாது. ஒரே காற்று, ஒரே மாதம். ஒரு கரையில் பாய்க்கப்பல் ஒதுங்க முடியாது, மறுகரையில் நங்கூரமிடலாம்.

ஒல்லாந்தர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1656-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்த அவர்கள், 1658 தொடக்கத்தில் ரைக்லாஃப் வான் கூன்ஸ் தலைமையில் தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் வந்தார்கள். அன்று முத்துக்குளிப்பு நடந்த கடல் அது. அப்போது மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். திருவில்லிபுத்தூரில் அவர் பெயரைச் சொல்லும் அரண்மனை இன்றும் நிற்கிறது. இரண்டு அந்நியர்கள் அடித்துக்கொண்டது அவருடைய கரையோரத்தில்தான். ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கும் மேல் முற்றுகையிட்டு ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். அடுத்து ஜூலையில் நாகப்பட்டினம். ராஜபாளையம் மலையில் மேகம் அடைந்து கிடக்கும் அதே மாதங்கள்.

அந்த மாதங்களில் மேற்குக் கரையில் கால்வைக்க முடியாது. போர்ச்சுகீசியரின் கோவாவை முற்றுகையிட்ட ஒல்லாந்தக் கப்பல்கள் மழை முடிந்த பிறகு வந்து, அடுத்த மழைக்கு முன் விலகிப் போயின. 1662 தொடக்கத்தில் கொச்சியைத் தாக்கிய வான் கூன்ஸ், கோட்டை விழாமலேயே மார்ச்சில் திரும்ப வேண்டியதாயிற்று. ஆட்கள் குறைந்திருந்தார்கள், மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. கச்சான் ஓய்ந்து வாடை திரும்பும் அக்டோபர் கடைசியில்தான் படை மறுபடி வந்தது.

கொச்சி விழுந்தது 1663 ஜனவரியில். திருவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலிருந்து பார்த்தால் மலைவிளிம்பு மேகமின்றித் துலக்கமாகத் தெரியும் மாதம் அது.